மஞ்சள் ஹெல்மெட் மன்றோ

பர் துபாயில் மீனா பஜாருக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அப்போது எனக்கு ஒரு நெட் கடை இருந்தது. சில கம்ப்யூட்டர்கள், ஒரு ஜெராக்ஸ் மெஷின், போன் கார்டு, பல்பொடி, ஊறுகாய் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. நாகூர்க்காரன் கடை போட்டால் எதையும் விட்டுவைக்க மாட்டான் என்று என் மச்சான் கேலி செய்வான். செய்துவிட்டுப் போகட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஷட்டரைத் தூக்கினால் லேபர் கேம்ப் பஸ்களில் வந்து இறங்கிய நம் பையன்கள் வாசலில் நிற்பார்கள். ஊருக்கு ஒரு போன், புதுப் படத்துப் பாட்டு, கொஞ்சம் ஊர்ச் செய்தி. அவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். 2006ஆம் வருஷம் வெயில் கொஞ்சம் இறங்குகிற சமயத்தில் ஒருவன் வந்தான். அவன் கேட்டது வேறு.

"பாய், ஒரு வெள்ளக்காரன் யாருன்னு கண்டுபுடிச்சித் தர முடியுமா?"

"எந்த வெள்ளக்காரன் தம்பி? உங்க கம்பெனி மேனேஜரா? சம்பளம் பாக்கியா?"

"இல்ல பாய். எங்கப்பாவுக்கு அந்த ஆளு பேருதான் வெச்சிருந்தாங்க. அவன் நல்லவனா கெட்டவனான்னு தெரியணும்."

கழுத்தில் தொங்கிய லேபர் கார்டைத் தூக்கிக் காட்டினான். ஐயப்பன் மன்றோ என்று இருந்தது. நான் கார்டையும் பார்த்தேன், ஆளையும் பார்த்தேன். மெல்லிய மீசை, வெயிலில் வெந்த கழுத்து, சாரத்துக் கிளாம்ப் கடித்த தழும்புகளோடு இரண்டு கைகள். தர்மபுரி மாவட்டம் அரூர்ப் பக்கம் ஒரு கிராமம். பத்தாவதில் கணக்கு காலை வாரிவிட, பெங்களூரில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டப் போனவன். அங்கிருந்து ஏஜென்ட் பிடித்து 2000இல் துபாய். இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. முதல் லீவில் கல்யாணம். அவன் வாழ்க்கை அதுவரை இவ்வளவுதான், சந்தில் வந்து நிற்கிற எல்லோருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். அந்தப் பெயர் மட்டும்தான் புதுசு.

பாஸ்போர்ட் சமாசாரத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், சொன்னால்தான் என் எரிச்சலும் அடங்கும். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தோம். பாஸ்போர்ட் எடுக்கப் போனால் அந்த எழுத்தை விரித்து எழுது, அதுதான் உன் குடும்பப் பெயர் என்கிறார்கள். அதனால் இந்த ஊர் ஏர்போர்ட்டில் என்னை ஒருவரும் மீரா சாகிப் என்று கூப்பிட்டதில்லை. 'முகம்மது சித்தீக், முகம்மது சித்தீக்' என்று என் வாப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். வாப்பா மௌத்தாகி எத்தனையோ வருஷம் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பதிலாக நான் எழுந்து போவேன். ஐயப்பன் கதையும் அதேதான். சைட்டில் மலையாளி டைம்கீப்பர் முதல் பட்டான் ஃபோர்மேன் வரை எல்லோருக்கும் அவன் மன்றோ. 'மன்றோ, யல்லா, ஜல்தி' என்றால் அவன் பைப்பைத் தோளில் தூக்க வேண்டும்.

"இந்தப் பேரு எப்படி உங்க வூட்டுக்கு வந்துச்சு?" என்று கேட்டேன்.

"எங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்துல இந்தத் துரை தர்மபுரியில இருந்தாராம் பாய். நெலத்த அளந்து, இது இன்னாருதுன்னு எழுதிக் குடுத்தாராம். அந்த நன்றிக்கி மூத்த பையனுக்குப் பேர வெச்சாங்க. தாத்தன் பேருதான பேரனுக்கு? அதனால ஒரு தலமொறைக்கி மன்றோ, அடுத்த தலமொறைக்கி ஐயப்பன். இப்படியே மாறி மாறி வருது."

அடுத்த தலைமுறை மன்றோவின் முறை. ஐயப்பனின் மனைவி நாகஜோதி அப்போது ஏழு மாதம். கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்து உண்டானது. அவன் அப்பா முந்தின வருஷம் இறந்துபோனார். சைட்டில் கான்கிரீட் போடுகிற வாரம், லீவு மாஃபி, கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். ஐயப்பன் இங்கே நாற்பதாவது மாடிக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தான்.

"கொள்ளிதான் வெக்க முடியல. பேராச்சும் வெக்கணும் பாய்," என்றான். "ஆனா அவ ஒத்துக்க மாட்டேங்கறா."

அன்றைக்கே என் கடையிலிருந்து ஊருக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரைப் போட்டு மொபைலை மேசைமேல் வைத்தான். எனக்கு அடுத்தவர் குடும்ப விஷயம் கேட்கப் பிடிக்காது என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"யாரு, கடைக்காரப் பாயா? நீங்களே நாயம் சொல்லுங்க," என்றாள் நாகஜோதி. கணீரென்ற குரல். "எங்க ஊர்ல மாமனார் பேர மருமக வாயால சொல்லக் கூடாது. நானும் இதுவரைக்கும் சொன்னதில்ல. ரேஷன் கடையில குடும்பத் தலைவர் பேரு என்னான்னு கேட்டாக்கூட பக்கத்துல நிக்கறவங்களத்தான் சொல்லச் சொல்லுவன். இப்ப அதே பேர எம்புள்ளைக்கி வெச்சா நான் எப்படி அதக் கூப்புடறது?"

"செல்லமா வேற ஒண்ணு வெச்சுக்கம்மா. ராசா, கண்ணுன்னு. எல்லா ஊட்லயும் அப்படித்தானே?"

"ஊரே ஒரு பேரு சொல்லிக் கூப்புடும். பெத்தவ மட்டும் பூனையக் கூப்புடற மாதிரி கூப்புடணுமா? அதுவுமில்லாம, யாரு என்னான்னே தெரியாத வெள்ளக்காரன் பேரு. பள்ளிக்கூடத்துல புள்ள அழுதுக்கிட்டு வரும். அவன் யாரு, நல்லவனா, நம்ம சனத்துக்கு என்ன செஞ்சான்? அதச் சொல்லச் சொல்லுங்க. தெரிஞ்சா யோசிக்கறன். தெரியாம வெக்க மாட்டன்."

எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. புருஷன் கேட்டான் என்பதற்காகத் தலையாட்டாமல் ஆதாரம் கேட்கிறவள். ஐயப்பன் பாவமாக என்னைப் பார்த்தான். தேடிவிடுவோம் தம்பி என்றேன்.

முதல் வாரமே ஆள் அகப்பட்டார். தாமஸ் மன்றோ. ஸ்காட்லாந்துக்காரர். வாலிபத்தில் கம்பெனிப் பட்டாளத்தில் வந்து, சேலம், தர்மபுரிப் பக்கம் பல வருஷம் வரி வசூல் வேலை பார்த்து, கடைசியில் மெட்ராஸ் கவர்னரானவர். சென்னையில் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். எத்தனை தடவை பஸ்ஸில் அந்தச் சிலையைச் சுற்றிப் போயிருப்பேன், யாரென்று ஒரு தடவை கேட்டதில்லை. தர்மபுரியில் அவர் போட்ட தோட்டத்தை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லையாம். நடுவில் ஜமீன்தார் வேண்டாம், உழுகிறவனிடமே நேராக வரி பேசுவோம் என்ற கட்சி. காலரா வந்து இந்த மண்ணிலேயே செத்தார். ஐயப்பன் முகம் மலர்ந்துவிட்டது. இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும் என்று போனை எடுத்தான்.

நாகஜோதி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நெலத்த எழுதிக் குடுத்தாரு, சரி. அது யாரு நெலம்?"

"நம்முளுதுதான்."

"நம்ம நெலத்த நமக்கே எழுதிக் குடுத்துட்டு, அதுக்கு வரியும் வாங்குனாரா?"

ஐயப்பன் உதவிக்கு என்னைப் பார்த்தான். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

"நல்லவராவே இருக்கட்டும் பாய்," என்றாள் அவள். "ஆனா ஆளு ரொம்ப கெட்டிக்காரரு. அவருக்காகன்னா நான் வெக்க மாட்டன். அந்தப் பேர்ல வேற யாராச்சும் இருந்தாங்களா, பாருங்க."

இதற்குப் பிறகு கிறுக்குப் பிடித்தது ஐயப்பனுக்கு மட்டுமில்லை, எனக்கும்தான். நோன்பு மாதம் வந்தது. பசியில் எனக்குக் கோபம் மூக்குக்குமேல் நிற்கும். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு நான் மன்றோக்களைத் தேடிக்கொண்டிருந்தேன். கடையை மூடிவிட்டுக் கல்லூரியில் வாத்தியாராகச் சேர்ந்துகொள் என்றான் மச்சான். ஒரு பெயருக்குள் இவ்வளவு ஜனம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் இருந்தார். அவருடைய முன்னோர் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள், ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டின் தலைநகரத்துக்கே அவர் பெயர். அமெரிக்கா அந்த வருஷங்களில் ஈராக்கில் போட்டுக்கொண்டிருந்த ஆட்டத்தில் அவரை நானே தள்ளிவிட்டேன், நாகஜோதியிடம் கொண்டுபோகவே இல்லை. இன்னொருவர் தன் நாட்டில் இத்தனை அடிக்குமேல் உயரமான மலைகள் எவையெவை என்று எண்ணி எழுதி வைத்தவர். இன்றைக்கு அந்த மலைகளையெல்லாம் மன்றோ என்றே சொல்லி, ஒவ்வொன்றாக ஏறித் தீர்க்கிறார்களாம். "மலைய எண்ணுனாரா? அவருக்கு வூட்ல வேல இல்லியா?" என்றாள் நாகஜோதி. ஒரு நடிகை வந்தாள். திரையில் அவள் படத்தைப் பார்க்கப் பையன்கள் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் கூடிவிட்டார்கள், விரட்டியடிக்க வேண்டியதாயிற்று. அவள் சினிமாவுக்காக வைத்துக்கொண்டது அம்மா பிறந்த வீட்டுப் பெயர் என்று சொன்னதும் நாகஜோதி குரலில் ஒரு மரியாதை வந்தது. "அம்மா வூட்டுப் பேர எடுத்துக்கிச்சா? நல்ல புள்ள," என்றாள். ஆனால் மகனுக்கு நடிகை பேரா என்று அதுவும் தள்ளுபடி.

பெருநாள் முடிந்த வாரம் சைட்டில் அந்தச் சம்பவம் நடந்தது. புதிதாக ஒரு சேஃப்டி ஆபீசர் வந்திருந்தார். தலை நரைத்த வெள்ளைக்காரர், சிவந்த முகம். அந்தக் கம்பெனியில் எல்லா ஹெல்மெட்டிலும் பெயர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஆபீஸ்காரர்களுக்கு வெள்ளை, லேபருக்கு மஞ்சள். வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சாரத்துக்குக் கீழே நின்று அவர் மேலே பார்க்கிறார். மஞ்சள் ஹெல்மெட் ஒன்றில் அவருடைய பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. வந்து ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் எவனோ ஸ்டிக்கரைத் திருடி ஒட்டிக்கொண்டு தன்னைக் கேலி செய்கிறான் என்று அவருக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. இறங்கு கீழே என்று கத்தினார். ஐயப்பன் இறங்கினான். பட்டான் ஃபோர்மேன் ஓடிவந்து ஹெல்மெட்டைப் பிடுங்கித் தரையில் எறிந்தான். வேலை போயிற்று, விசாவைக் கேன்சல் அடித்து ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்றே ஐயப்பன் நினைத்திருக்கிறான். கழுத்திலிருந்த கார்டைப் பிடித்து நீட்டினான்.

வெள்ளைக்காரர் கார்டைப் படித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். அவருடைய கார்டை எடுத்து இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் இயன் மன்றோ. பிறகு குனிந்து அந்த மஞ்சள் ஹெல்மெட்டை அவரே பொறுக்கி, தூசியைத் தட்டி ஐயப்பன் கையில் கொடுத்துவிட்டு, எப்படி உனக்கு இந்தப் பெயர் என்று கேட்டிருக்கிறார். ஐயப்பனுக்குத் தெரிந்த இங்கிலீஷில் அந்தக் கதை அடங்காது. "ஃபாதர் நேம் சார். கிராண்ட்ஃபாதர், கிராண்ட்ஃபாதர், கலெக்டர்," என்று சொல்லிப் பார்த்துவிட்டு, "ஃப்ரைடே, பர் துபாய், பாய் ஷாப்," என்று முடித்துவிட்டான். அதை நம்பி ஒரு மனிதர் வருவார் என்று நான் நினைக்கவில்லை.

வந்தார். டாக்ஸியில் வந்து இறங்கி, சந்து முழுக்க வேடிக்கை பார்க்க, குனிந்து என் கடைக்குள் நுழைந்தார். சுலைமானி டீ கொடுத்தேன். இன்னும் சர்க்கரை வேண்டும் என்றார். நான் இடையில் உட்கார்ந்து இரண்டு மன்றோக்களுக்கும் மொழிபெயர்த்தேன். ஐயப்பன் வீட்டுக் கதையைச் சொல்லி முடித்ததும் மனிதர் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு, உங்கள் தாமஸை எனக்கு அவ்வளவாகத் தெரியாது, எங்கள் ஊரில் வேறொரு மன்றோ, அவனும் உங்கள் பக்கம் வந்தவன்தான் என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார்.

திரையில் ஒரு பச்சை மலை வந்தது. அதன் உச்சியில் வளைவு வளைவாகக் கல்லில் ஒரு வாசல். வாசலுக்கு அந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை, இந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை, வெறும் காற்றுதான்.

"இது எந்த ஊரு வாசல் தெரியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். "நெகபட்டம்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. நாகப்பட்டினம். என் ஊரிலிருந்து கூப்பிடு தூரம், நான் படித்த ஊர். அங்கே டச்சுக்காரன் கட்டிய கோட்டையை ஹெக்டர் மன்றோ என்ற தளபதி பிடித்திருக்கிறான். ஊர் திரும்பியதும் அந்தக் கோட்டை வாசல் மாதிரியே ஒன்றைத் தன் ஊர் மலைமேல் கட்ட வைத்திருக்கிறான். நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவன் எவனுக்காவது இது தெரியுமா? எங்கள் ஊர் வாசலின் நகல் எவனோ ஊர் மலைமேல் நிற்கிறது, எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. கூடவே ஒரு பெருமையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் எதைக் காட்டுவதென்று தெரியாமல் அவருக்கு இன்னொரு டீ ஊற்றினேன்.

"அந்த வாசல்ல யாரு போவாங்க சார்?" என்றான் ஐயப்பன்.

யாரும் போவதில்லை என்றார் இயன். அப்போது அங்கே பஞ்சம், ஜனங்கள் கையில் வேலை இல்லை. சும்மா கொடுத்தால் வாங்க மாட்டார்கள் என்று, கூலி கொடுக்க ஒரு சாக்காக மலைமேல் கல் ஏற்றச் சொன்னானாம். ஏற்றிய கல்லை அவனே மறுபடி கீழே உருட்டிவிட்டு, வேலை இன்னும் கொஞ்ச நாள் நீளட்டும் என்று பார்த்ததாகவும் ஒரு கதை உண்டு, உண்மையோ பொய்யோ தெரியாது என்றார்.

இதை நான் தமிழில் சொன்னதும் ஐயப்பன் சிரித்தான். அந்த இரண்டு மாதத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "எங்க சைட்டு மாதிரியே இருக்குது பாய். இன்னிக்கிக் கட்டுன சாரத்த நாளைக்கிப் பிரிம்பாங்க. நாளான்னிக்கி அதே எடத்துல மறுபடி கட்டுன்னுவாங்க." சிரிப்பு அடங்கியதும், "அந்தக் கல்லு தூக்குனவங்க யாரு? அவங்க பேரு என்னா?" என்று கேட்டான்.

இயன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவர்களும் மன்றோதான். உறவெல்லாம் கிடையாது. தலைவனுடைய நிலத்தில் குடியிருந்தவர்கள் அவன் பெயரையே தங்களுக்கும் வைத்துக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். நிலமும் பாதுகாப்பும் அவனிடம், அதனால் பெயரும் அவனுடையது. என் முப்பாட்டன் தளபதி ஹெக்டரின் வம்சம் என்று சின்ன வயதில் பீற்றிக்கொள்வேன், கல் தூக்கியவனின் வம்சமாகத்தான் இருப்பேன் என்றார். என் கடையில் அன்றைக்கு இருந்த இரண்டு மன்றோக்களுக்கும் எந்த மன்றோவின் ரத்தமும் இல்லை. இரண்டு பேர் வீட்டுக்கும் நிலத்தோடுதான் பெயர் வந்திருக்கிறது. போகும்போது இயன் ஐயப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார், குழந்தை பிறந்தால் எனக்குச் சொல் என்றார்.

அதை நாகஜோதியிடம் சொன்னபோது அவள் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை.

"கல்லு தூக்குனவங்களுக்கும் அதே பேருதானா?"

"அதேதான்மா," என்றேன்.

"சரி, இருக்கட்டும். இன்னும் நாள் இருக்குதில்ல, யோசிக்கறன்."

ஐயப்பனுக்கு அதுவே பாதி சம்மதமாகத் தெரிந்தது. அன்றைக்குக் கேம்ப் பஸ்ஸுக்கு அவன் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். அப்பா பெயரை மகனுக்கு வைத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டான்.

நவம்பரில் ஒரு சாயங்காலம், வெள்ளிக்கிழமைகூட இல்லை, டூட்டி முடிந்த உடுப்போடு வந்து நின்றான். கையில் ஸ்வீட் டப்பா.

"பொண்ணு பாய். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

மாஷா அல்லா என்று ஒரு லட்டை எடுத்துக்கொண்டேன். அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான், அதில் பொய் இல்லை. ஆனால் டப்பாவை மூடிக்கொண்டே, "அந்தப் பேரு பையனுக்குத்தான் வெப்பாங்க. அடுத்த லீவுக்கு இன்னும் ஒரு வருசத்துக்கு மேல ஆவும். பாக்கலாம்," என்றான். அப்பாவுக்கு என்று அவன் சேர்த்து வைத்திருந்த ஒரே காரியம் அது, அதுவும் கைநழுவிப் போனது. எனக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பெண் பிறந்ததற்காக இல்லை, எனக்கே மூன்று பெண்கள். இவ்வளவு தேடியும் அந்த மனுஷனுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் போயிற்றே என்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல மொபைலை மேசைமேல் வைத்தான். குழந்தை எப்படி இருக்கிறது, யார் ஜாடை என்றெல்லாம் பேசினார்கள். பானுப்பிரியா என்று வைக்கலாமா என்று ஐயப்பன் மெதுவாக ஆரம்பித்தான்.

"பேரெல்லாம் குடுத்தாச்சி," என்றாள் நாகஜோதி. "நர்சம்மா எழுத வந்தாங்க, சொல்லிட்டன்."

"என்னா பேரு?"

"இருங்க. பாய் பக்கத்துல இருக்காரா? அவரும் கேக்கட்டும், அவருந்தான தேடுனாரு. ரெண்டு பேரும் சேந்து எத்தன மன்றோவக் கண்டுபுடிச்சீங்க? குதிரை மேல ஒரு மன்றோ, மலை மேல ஒரு மன்றோ, சினிமாவுல ஒரு மன்றோ."

ஐயப்பன் சட்டென்று என்னைப் பார்த்தான். இரண்டு மாதமாக 'அந்தப் பேரு' என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவள்.

"ஒருத்தர விட்டுட்டீங்க," என்றாள். "ரெண்டாவது லீவு முடிஞ்சி நீங்க போனப்புறம் எனக்கு நாள் தள்ளிப் போச்சி. வெள்ளிக்கெழம நீங்க போன் பண்ணும்போது சொல்லலாம்னு இருந்தன். அதுக்குள்ள எல்லாம் போயிடுச்சி. ஜுரம், ஆஸ்பத்திரியில இருந்தன்னு சொன்னமே, அது ஜுரம் இல்ல."

ஐயப்பன் மேசைமேல் இருந்த மொபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அத்த ஊர்ல இல்ல. வூட்ல மாமா மட்டுந்தான். எனக்கு நிக்கவே முடியல. சைக்கிள் கேரியர்ல உக்கார வெச்சி, ஒரு கையால என்னப் புடிச்சிக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்தாரு. பொம்பளங்க வார்டுல அவர உடல. வெளிய மரத்தடியிலேயே கெடந்தாரு. என் பொடவையெல்லாம் ஒரே ரத்தம். அவருதான் பைப்புக்கிட்ட உக்காந்து தொவச்சாரு. அங்க இருந்த பொம்பளங்க பாத்து சிரிச்சாங்க. அவரு பாட்டுக்குத் தொவச்சி, காய வெச்சி, மடிச்சி நர்சம்மாகிட்ட குடுத்தனுப்புவாரு. எந்த மாமனாரு செய்வாங்க?"

கடையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த பையன் ஒருவன் காதிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்துவிட்டான்.

"ஊருக்குத் தெரிஞ்சா மலடின்னு பேசுவாங்கன்னு ஜுரம்னு அவருதான் சொன்னாரு. உங்ககிட்டயும் சொல்ல வேணாம்னு சொல்லிட்டாரு. அவன் அங்க ஒத்தையில கெடக்கறான், சாரத்து மேல நிக்கும்போது இதையே நெனச்சிட்டு நிப்பான்னாரு. அவரு போனப்புறமும் இதுவரைக்கும் நான் சொல்லல."

ஐயப்பன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. நான் அவன் முதுகில் கை வைத்தேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இரண்டு மாதமாக உலகத்திலிருக்கிற மன்றோவையெல்லாம் அவனும் நானும் தேடியெடுத்திருக்கிறோம். அவன் அப்பா எப்படிப்பட்டவர் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இவன் துபாய் வந்ததிலிருந்து அவர் சாகிறவரை அவரோடு அவன் இருந்தது இரண்டு லீவுதான்.

"அந்தத் தொரைங்க யாரும் எனக்கு வேணாம்," என்றாள் நாகஜோதி. "எனக்குத் தெரிஞ்ச மன்றோ ஒருத்தருதான். அவரு இருந்த வரைக்கும் பேர சொல்லாததுதான் மரியாதை. இனிமே சொல்லறதுதான் மரியாதை. மன்றோன்னே எழுதிக் குடுத்துட்டன். பொண்ணுக்கா இந்தப் பேருன்னு நர்சம்மா ரெண்டு தரம் கேட்டாங்க. ஆமா, பொண்ணுக்குத்தான்னன். ஊர்ல யாராச்சும் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க."

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. அவள் ஏதோ சொல்லி அதைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது. ஐயப்பன் துண்டை முகத்திலிருந்து எடுத்து, மொபைலை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"ஜோதி, அப்பா வேற என்னா பண்ணாரு?"

"எப்ப?"

"எப்பவும்தான். நான் இங்க வந்ததுக்கு அப்புறம். எனக்கு ஒண்ணுமே தெரியாது ஜோதி. நீ சொல்லு."

"கார்டுல காசு இருக்குதா?"

ரேக்கிலிருந்து ஒரு புதுக் கார்டை எடுத்து அவன் முன்னால் வைத்துவிட்டு நான் வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன். நாகஜோதி தான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்தாள்.